துடிப்பு நழுவும் முன்: இதய மின்னியல் சிறப்புப் பயிற்சியும் தர்மபுரி மாவட்டமும்

1. களமும் கேள்வியும்

சித்தேரி மலையில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு விடியற்காலையில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண் இருட்டிக்கொண்டு வருகிறது, கழுத்து நரம்பு துள்ளுவது பக்கத்தில் இருப்பவருக்கே தெரிகிறது. வண்டி பிடித்து, மலைப்பாதை இறங்கி, அரூர் அரசு மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள் படபடப்பு நின்றுவிடுகிறது. அங்கே எடுத்த ஈசிஜியில் ஒரு குறையும் இல்லை. 'பயந்திருக்கிறாய், வேறொன்றும் இல்லை' என்று சொல்லி அனுப்புகிறார்கள். சில மாதம் கழித்து மறுபடியும் அதே படபடப்பு, அதே பயணம், அதே பதில். ஊரில் சிலர் காற்று சேஷ்டை என்பார்கள். மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். கடன் வாங்கி பெங்களூருவுக்குப் போனாலும் அங்கும் ஸ்கேன் சரி, எக்கோ சரி, ரத்தம் சரி.

இதயத் துடிப்புச் சீர்கேடுகளைப் பிற நோய்களிலிருந்து பிரிப்பது இந்த நழுவும் குணம்தான். சிறுநீரகக் கல் மருத்துவரைப் பார்க்கும்வரை காத்திருக்கும். கட்டியும் காத்திருக்கும். படபடப்பு காத்திருக்காது. அது நடந்துகொண்டிருக்கும் சில நிமிடங்களில் பன்னிரண்டு லீட் ஈசிஜி ஒன்று எடுக்கப்பட்டால் நோய்க்குப் பெயர் கிடைக்கும். பெயர் கிடைத்தால் பல நேரங்களில் முழுக் குணமும் கிடைக்கும். அந்த நிமிடங்கள் போனால் எவ்வளவு பெரிய மருத்துவமனையும் ஊகத்தில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

ஆகவே இக்கட்டுரையின் கேள்வி இது: துடிப்புச் சீர்கேடுகளுக்கான சிறப்பு மருத்துவப் பயிற்சியை இன்று நாம் எங்கே, யாருக்கு, எந்த வரிசையில் கொடுக்கிறோம்? நோய் பிடிபடும் இடத்துக்கும் பயிற்சி பெற்ற ஆள் இருக்கும் இடத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பயிற்சித் திட்டத்துக்குள்ளேயே கொண்டுவர முடியுமா? முடியும் என்பதே என் கருத்து. அதற்குத் தர்மபுரியைவிடப் பொருத்தமான களம் தமிழகத்தில் குறைவு.

1965-இல் சேலத்திலிருந்து பிரிந்த இம்மாவட்டம் 2004-இல் கிருஷ்ணகிரியைத் தனி மாவட்டமாகப் பிரித்துக்கொடுத்தது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 15 லட்சத்துக்குச் சற்று மேல். ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டவர்கள் கிராமத்தில் இருப்பவர்கள். சித்தேரி, வத்தல்மலை, பென்னாகரத்தை ஒட்டிய காட்டோரக் குக்கிராமங்கள் என மலைக் குடியிருப்புகள் நிறைய. கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை மேல் ஏற்றிக் கொண்டுபோன செய்தியைத் தேர்தலுக்குத் தேர்தல் படித்திருக்கிறோம். இன்னொரு பக்கம், 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மாவட்டத்தின் நடுவே ஓடுகிறது. சேலம் ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர், பெங்களூரு அதைப்போல் இரண்டு மடங்கு. அரசு தர்மபுரி மருத்துவக் கல்லூரி 2008 முதல் இயங்குகிறது. நெடுஞ்சாலையோரம் இருப்பவருக்குப் பெங்களூருவின் ஜெயதேவா இதய மருத்துவமனை இரண்டு மணி நேரப் பயணம். மலைமேல் இருப்பவருக்கு ஆரம்ப சுகாதார நிலையமே இரண்டு மணி நேரம்.

2. மின்வழி தெரியவந்த கதை

இந்தத் துறை எவ்வளவு இளையது என்று தெரிந்தால்தான் பயிற்சியின் அருமை விளங்கும். வில்லெம் ஐந்தோவன் என்ற டச்சு அறிஞர் இதயத்தின் மின்னோட்டத்தைக் கோடாக வரையும் கம்பிக் கால்வனோமீட்டரை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கி, 1924-இல் நோபல் பரிசு பெற்றார். 1906-இல் ஜப்பானியர் சுனாவோ தவாரா, மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு மின்துடிப்பு இறங்கும் கணுவை விவரித்தார். துடிப்பு பிறக்கும் இடமான சைனஸ் கணுவை ஆர்தர் கீத்தும் மார்ட்டின் ஃப்ளாக்கும் 1907-இல் வெளியிட்டார்கள். ஃப்ளாக் அப்போது மருத்துவ மாணவர். கென்ட் பகுதியில் ஒரு கிராமத்து வீட்டில் தங்கி, மண்ணைத் தோண்டி வாழும் அகழெலியின் இதயத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது அந்தக் கணு அவர் கண்ணில் பட்டது. உலகத்து மனிதர் அத்தனை பேருடைய துடிப்பும் பிறக்கும் இடம் முதலில் கிராமத்தில்தான் கண்டுகொள்ளப்பட்டது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அடுத்த அரை நூற்றாண்டு பெரும்பாலும் கண்டு விளக்கும் காலம். 1958-இல் ஸ்வீடனில் ஓக்கே சென்னிங், ரூனே எல்ம்க்விஸ்ட் வடிவமைத்த பேஸ்மேக்கரை முதன்முதலாக உடலுக்குள் பொருத்தினார். அதைப் பெற்ற ஆர்னே லார்சன் பல கருவிகளை மாற்றி மாற்றி 2001 வரை வாழ்ந்தார். 1969-இல் பெஞ்சமின் ஷெர்லாக், கணுவிலிருந்து கீழறைகளுக்கு மின்துடிப்பைக் கொண்டுபோகும் ஹிஸ் கற்றையின் மின்சமிக்ஞையைக் கதீட்டர் வழியாகப் பதிவுசெய்யும் முறையைச் சொன்னார். நெதர்லாந்தில் ஹைன் வெல்லன்ஸ், இதயத்தை வேண்டுமென்றே தூண்டிப் படபடப்பைக் கிளப்பி, அதன் சுற்றுவழியைப் படிக்கும் முறையை வளர்த்தார். 1980-இல் மிஷேல் மிரோவ்ஸ்கியின் உள்பொருத்து டிஃபிபிரிலேட்டர் மனிதருக்கு வைக்கப்பட்டது. 1980-களில் கதீட்டர் வழியே கோளாறான இடத்தைச் சுடும் அப்லேஷன் தொடங்கியது. முதலில் நேர்மின்னோட்ட அதிர்ச்சியால், பிறகு ரேடியோ அலையால். 1990-களின் தொடக்கத்தில் ரேடியோ அலை முறை நிலைபெற்ற பின்தான் 'வாழ்நாள் முழுக்க மாத்திரை' என்பது 'ஒருமுறை சிகிச்சை' என்று மாறியது. 1998-இல் பிரான்சின் போர்டோ நகரத்து ஹைசகேர் குழு, மேலறைகள் தாறுமாறாக நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனின் தீப்பொறி பெரும்பாலும் நுரையீரல் சிரைகளின் வாயிலிருந்து வருவதைக் காட்டியது.

இன்று தர்மபுரியில் பணிபுரியும் மூத்த மருத்துவர்களில் பலர் படித்து முடித்தபோது இந்தச் சிகிச்சைகளில் பாதி தமிழகத்தில் நடைமுறையில் இல்லை. அவர்கள் அவற்றை அறியாதிருந்தால் அது அவர்கள் குற்றம் ஆகாது. தொடர்கல்வி அவர்களைத் தேடி வந்திருக்க வேண்டும்.

3. பயிற்சியின் ஏணி

இந்தியாவில் ஒருவர் இதய மின்னியல் நிபுணராக ஏற வேண்டிய படிகள்: இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ்.; மூன்று ஆண்டு எம்.டி. பொது மருத்துவம், நீட் எஸ்.எஸ். தேர்வு வழியாக மூன்று ஆண்டு டி.எம். இதயவியல், அதற்கு மேல் ஓராண்டோ ஈராண்டோ மின்னியலில் தனிப் பயிற்சி. ஒரு நுழைவுத்தேர்விலும் ஓராண்டைக்கூட இழக்காமல் படித்தாலே பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டு ஆகிவிடும். வேலூர் சி.எம்.சி.யும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் இந்த மேற்பயிற்சிக்குப் பெயர்பெற்ற இடங்கள். சென்னையில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் உல்லாஸ் பாண்டுரங்கி தலைமையில் இத்துறை வளர்ந்தது. அமெரிக்காவில் மின்னியலுக்கென்றே தனி வாரியத் தேர்வு 1992 முதல் நடக்கிறது. நம்மிடம் அந்த அளவுக்குத் தனித்த அடையாளம் இன்னும் உறுதிப்படவில்லை. இதயவியலர் என்ற பெயருக்குள்ளேயே மின்னியலரும் அடங்கிவிடுகிறார்.

இதனால் நடைமுறையில் ஒரு சிக்கல் வருகிறது. இதயவியலில் அடைப்பு நீக்கும் வேலையும் மின்வேலையும் ஒரே கேத் லேப்பில் (கதீட்டர் ஆய்வகத்தில்) நடந்தாலும் இரண்டும் வேறு வேறு மனப்பழக்கம். அடைப்பு, படத்தில் கண்ணுக்குத் தெரியும். மின்கோளாறு எந்தப் படத்திலும் தெரியாது. கோடுகளுக்கு இடையிலான மில்லி விநாடிகளை அளந்து, தர்க்கத்தால் எட்ட வேண்டியது. மாரடைப்போடு வருபவருக்கு ஸ்டென்ட் வைக்கும் அவசரமும் எண்ணிக்கையும் வருமானமும் மின்னியலில் இல்லை. டி.எம். முடித்தவர் மேலும் இரண்டு ஆண்டு குறைந்த உதவித்தொகையில் உட்கார்ந்து படிக்க வேண்டுமானால் உண்மையான ஈடுபாடு வேண்டும்.

தர்மபுரிக்கு நேரடியாகப் பயன்படக்கூடிய ஒரு கதவு இதில் இருக்கிறது. தமிழக அரசு 2020 நவம்பரில் பிறப்பித்த 462-ஆம் எண் அரசாணை, அரசு மருத்துவக் கல்லூரிகளில் உள்ள உயர்சிறப்பு இடங்களில் பாதியை அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு ஒதுக்கியது. வழக்கு நடந்து, 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டின்படி கலந்தாய்வு நடத்த வழிவிட்டது. பாலக்கோட்டிலோ பாப்பிரெட்டிப்பட்டியிலோ வேலை பார்த்த ஒருவர் டி.எம். படித்து, அரசுப் பணிக்கே திரும்பி வர இது வழி. ஆனால் டி.எம். வரை போட்ட பாலம் அதற்கு மேற்பட்ட மின்னியல் பயிற்சி வரை நீளவில்லை. அந்தக் கடைசி ஒரு படிக்கும் ஊதியத்தோடு கூடிய விடுப்பும், திரும்பி வந்தால் வேலை செய்ய ஓர் ஆய்வகமும் கிடைத்தால்தான் ஏணி முழுமையாகும்.

4. ஆய்வகத்தில் கற்பது

மின்னியல் ஆய்வகத்தில் பயிற்சியாளர் கற்கும் வித்தையை அருகில் போய்ப் பார்ப்போம். நோயாளி விழித்த நிலையில் படுத்திருக்கிறார். தொடைச் சிரை வழியாக மூன்று நான்கு மெல்லிய கதீட்டர்கள் இதயத்துக்குள் செல்கின்றன: ஒன்று மேல் வலதறையில், ஒன்று ஹிஸ் கற்றையின் மேல், ஒன்று கரோனரி சைனஸ் சிரைக்குள், ஒன்று கீழ் வலதறையில். திரையில் பல வண்ணக் கோடுகள் வேகமாக ஓடுகின்றன. ஹிஸ் சமிக்ஞை சின்னதாகக் கூராக எழும். அதிலிருந்து கீழறை துடிக்கும்வரை 35 முதல் 55 மில்லி விநாடி என்பது இயல்பு. முதல் சில வாரங்கள் பயிற்சியாளர் அளந்துகொண்டேதான் இருப்பார். அளக்கத் தெரியாதவர் கையில் கதீட்டர் கொடுப்பதில்லை.

பிறகு படபடப்பை வேண்டுமென்றே கிளப்புவார்கள். மிகப் பரவலான வகை, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள கணுவில் இரண்டு பாதைகள் இருந்து, மின்துடிப்பு ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறிச் சுற்றிச் சுற்றி வருவது. இதில் மெதுவான பாதையைச் சுட வேண்டும். வேகமான பாதை சில மில்லிமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. அதைத் தொட்டுவிட்டால் நல்ல இதயத்துக்கு ஆயுள் முழுக்க பேஸ்மேக்கர் வைக்க வேண்டிவரும். ரேடியோ அலை பாயத் தொடங்கியதும் சரியான இடமாக இருந்தால் கணுவிலிருந்து சில துடிப்புகள் தாமாகக் கிளம்பும். அது நல்ல அறிகுறி. அந்தத் துடிப்புகள் ஒவ்வொன்றும் மேலறைக்குத் திரும்பிப் போகிறதா என்று கண் சிமிட்டாமல் பார்க்க வேண்டும். ஒன்று தவறினாலும் 'ஆஃப்' என்று குரல் கேட்கும். பெடலில் இருக்கும் கால் அந்த விநாடியே எடுபட வேண்டும். பயிற்சி என்று நாம் சொல்லும் சொல்லுக்குள் இந்தக் கால் எடுக்கும் வேகமும் அடக்கம். இதைப் புத்தகம் தராது. ஆசான் பக்கத்தில் நின்று பலமுறை பார்த்து, அவர் பக்கத்தில் நிற்கும்போது பலமுறை செய்துதான் வரும்.

ஆய்வகத்தில் மருத்துவர் தனியாள் இல்லை. சமிக்ஞைப் பதிவுக் கருவியில் உட்கார்ந்து தூண்டல் கொடுக்கும் தொழில்நுட்பர், மயக்க மருந்தையும் ரத்த அழுத்தத்தையும் கவனிக்கும் செவிலியர், பேஸ்மேக்கர் புரோகிராமரைக் கையாளத் தெரிந்தவர் ஆகியோரும் பயிற்சி பெற்றவர்களாக இருக்க வேண்டும். நிபுணரை மட்டும் உருவாக்கிவிட்டு இவர்களை மறந்தால், வாங்கிவைத்த கருவி உறையோடு தூங்கும்.

5. மாவட்டம் அனுப்பும் நோய்கள்

5.1 நழுவும் படபடப்பு

முதலில் சொன்ன சித்தேரிப் பெண்ணிடம் திரும்புவோம். அவர் வந்து சேரும்போது படபடப்பு ஓடிக்கொண்டிருந்தால் என்ன செய்ய வேண்டும்? உடனே நிறுத்தவே கை பரபரக்கும். அதற்கு முன் பன்னிரண்டு லீட் ஈசிஜி எடுக்க வேண்டும். ரத்த அழுத்தம் தாங்கும்வரை அந்த ஒரு நிமிடத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. அதன் பிறகு மருந்தில்லாத ஒரு முறை இருக்கிறது. 2015-இல் லான்செட் இதழில் வந்த ரிவெர்ட் ஆய்வு அதை நிலைநாட்டியது. நோயாளியைச் சாய்ந்து உட்காரவைத்து, 10 மி.லி. சிரிஞ்சின் உள்தண்டு லேசாக நகரும் அளவுக்கு 15 விநாடி ஊதச் சொல்லி, உடனே மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களை 45 பாகை தூக்கி 15 விநாடி பிடிக்க வேண்டும். வழக்கமான முறையில் 17 விழுக்காட்டினருக்கு நின்ற படபடப்பு, இம்முறையில் 43 விழுக்காட்டினருக்கு நின்றது. சிரிஞ்சும் கட்டிலும் இல்லாத சுகாதார நிலையம் எங்கும் இல்லை.

அதிலும் நிற்காவிட்டால் அடினோசின். உடம்பில் அதன் ஆயுள் சில விநாடிகளே என்பதால் முழங்கை மடிப்பில் பெரிய ஊசி, மருந்து போன மறுகணமே சலைன் தள்ளல். 'ஒரு நிமிஷம் நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கும், பயப்படாதீங்கம்மா' என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், மருந்து போகும்போது ஈசிஜி பேப்பர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். படபடப்பு எந்தத் துடிப்பில், எப்படி முறிந்தது என்பதில்தான் நோயின் பெயர் எழுதியிருக்கும். பேப்பரை ஓட்டாமல் மருந்து கொடுப்பது, நோயாளியைக் காப்பாற்றிவிட்டு நோயைத் தப்பவிடுவது.

தவறான படிப்பால் ஆபத்து வரும் இடங்களையும் முதல்நிலை மருத்துவருக்குக் கற்பித்தே ஆக வேண்டும். அகன்ற, ஒழுங்கற்ற, மிக வேகமான துடிப்பு இளைஞர் ஒருவருக்கு வந்தால் அது டபிள்யூ.பி.டபிள்யூ. என்ற துணைப்பாதைக் கோளாறாக இருக்கலாம். அங்கே வெரப்பமில் உயிரைப் பறிக்கும். ஆனால் இளவயதில் இயல்பான இதயத்தில் வரும் ஒருவகைக் கீழறைப் படபடப்பு அதே வெரப்பமிலுக்குத்தான் அடங்கும். இரண்டுக்கும் வேற்றுமை ஈசிஜியின் அலை வடிவில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் மின்அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்குவதே பாதுகாப்பு என்ற எளிய விதியைத் தலைமாட்டுச் சுவரில் ஒட்டிவைப்பது நல்லது.

5.2 அரளியும் ஒடுவனும்

பெருநகரத்துப் பயிற்சி நிலையங்கள் அரிதாகவே காணும், வடதமிழக அரசு மருத்துவமனைகளின் வார்டுகளுக்கோ நன்கு பழகிய ஒரு பாடம் உண்டு: நஞ்சால் வரும் துடிப்புச் சீர்கேடு. மஞ்சள் அரளி, செவ்வரளி இரண்டிலும் டிஜாக்சினை ஒத்த நஞ்சுகள் இருக்கின்றன. செல்லின் சோடியம்–பொட்டாசியம் பம்பை அவை அடைத்துவிட, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், துடிப்பு மந்தமாகும், கணுவில் தடை விழும். இலங்கையில் 1980-களிலிருந்து மஞ்சள் அரளி பெரிய துயரமாக ஆனது. யாழ்ப்பாணத்து மருத்துவர்கள் அதை முதலில் பதிவுசெய்தவர்களில் அடங்குவர். டிஜாக்சினுக்கு எதிரான எதிர்ப்புரதம் பலன் தருகிறது என்று 2000-இல் இலங்கை ஆய்வு நிறுவியது. ஆனால் அதன் விலை எளிய மருத்துவமனைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. திரும்பத் திரும்பக் கரி கொடுப்பது பற்றி 2003-இல் வந்த ஆய்வு நம்பிக்கை தந்தது. 2008-இல் வந்த பெரிய ஆய்வு அந்தப் பயனை உறுதிசெய்யவில்லை. கடைசியில் மாவட்ட மருத்துவர் கையில் நிற்பவை அட்ரோபின், பொட்டாசியக் கட்டுப்பாடு, தற்காலிக பேஸ்மேக்கர் கம்பி மூன்றும்தான்.

மலைக்காடுகளில் வளரும் ஒடுவன் தழை இதற்கு நேர்மாறான பாடம். இதில் பொட்டாசியம் இறங்கும், ரத்தம் அமிலமாகும், ஈசிஜியில் க்யூ-டி இடைவெளி நீளும். முதல் நாள் எழுந்து உட்கார்ந்து பேசுபவர் சில நாள் கழித்துத் திடீரென்று சரியக்கூடும். ஆகையால் 'நன்றாகத்தான் இருக்கிறார்' என்று வீட்டுக்கு அனுப்பாமல், மானிட்டரில் வைத்து, பொட்டாசியத்தை மீண்டும் மீண்டும் பார்க்க வேண்டும். ஒன்றில் பொட்டாசியம் ஏற்றம், மற்றதில் இறக்கம்: இந்த இரண்டையும் அடுத்தடுத்த கட்டிலில் பார்த்த மருத்துவ மாணவர், அயனிகளும் துடிப்பும் பற்றிய பாடத்தை ஆயுளுக்கும் மறக்கமாட்டார். உயிரை மாய்த்துக்கொள்ள இவற்றை உண்டு பிழைத்தவர் ஊருக்குத் திரும்பும் முன் மனநல மருத்துவரைப் பார்ப்பதும், மனநல உதவிக்கான 14416 டெலி மானஸ் எண் அவர் குடும்பத்தின் கையில் இருப்பதும் சிகிச்சையின் பகுதியே.

தற்காலிக பேஸ்மேக்கர் கம்பி வைப்பது பெரிய ஆய்வகம் கேட்காத வேலை. கழுத்துச் சிரையோ தொடைச் சிரையோ பிடித்து, கீழ் வலதறை வரை கம்பியைச் செலுத்தி, குறைந்த மின்னளவில் துடிப்பு பிடிக்கிறதா என்று பார்த்து நிறுத்த வேண்டும். எம்.டி. பொது மருத்துவம் படிக்கும் ஒவ்வொருவருக்கும் இது கைவந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தர்மபுரியிலிருந்து கம்பி இல்லாமல் கிளம்பும் ஆம்புலன்ஸ், தொப்பூர் கணவாய் இறங்குவதற்குள் நோயாளியை இழந்துவிடக்கூடும்.

5.3 வால்வு நோயும் தாறுமாறான துடிப்பும்

முதியவர்களின் நோய் என்று மேலைநாட்டுப் பாடநூல் சொல்லும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், நம்மிடம் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கிய முப்பது, நாற்பது வயதுப் பெண்களுக்கும் வருகிறது. மேலறை நடுங்கி நிற்க, உள்ளே ரத்தம் உறைந்து, மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரும். தில்லி எய்ம்ஸின் கணேசன் கார்த்திகேயன் முன்னின்று நடத்தி 2022-இல் வெளிவந்த இன்விக்டஸ் ஆய்வில் 24 நாடுகளின் 4,500-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றார்கள். ருமாட்டிக் வால்வு நோயுள்ளவர்களுக்குப் புதிய ரிவராக்சபானைவிடப் பழைய வார்ஃபரின் வகை மருந்தே மேல் என்று அது காட்டியது. அந்தப் பழைய மருந்துக்கோ ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் ஐ.என்.ஆர். சோதனை அடிக்கடி வேண்டும். ஆகவே ஏரியூரில் இருக்கும் ஒருவரின் துடிப்பு நோய்க்குச் சிகிச்சை தருவதில் ஐ.என்.ஆர். கருவியும், கீரையும் பிற மருந்துகளும் அந்த அளவை எப்படி மாற்றும் என்று அவருக்கு எடுத்துச்சொல்லும் செவிலியரும் கதீட்டர் அளவுக்கே முக்கியம்.

இங்கே நம் பழைய வழக்கம் ஒன்று கைகொடுக்கும். நாடி பிடித்துப் பார்ப்பது நம் மக்களுக்குப் புதிதில்லை. 2021 ஆகஸ்ட் 5-இல், பழைய தர்மபுரி மாவட்டத்தின் பகுதியான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுவீடாக ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். தானியங்கிக் கருவி, தாறுமாறான துடிப்பில் தடுமாறும். கைப்பட்டை கட்டும் முன் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து அரை நிமிடம் நாடியின் ஒழுங்கைப் பார்த்தால், ஃபிப்ரிலேஷன் உள்ளவரில் பலரை வாசற்படியிலேயே கண்டுகொள்ளலாம். செலவு ஒன்றும் இல்லை. கற்றுக்கொடுக்க ஒரு பிற்பகல் போதும்.

6. மதுரையிலிருந்து வந்த செய்தி

உயர்சிறப்புப் பயிற்சியும் புதிய அறிவும் பெருநகரத்தில்தான் விளையும் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. அதை உடைத்த அண்மைக்கால எடுத்துக்காட்டு தமிழகத்திலேயே உண்டு. பேஸ்மேக்கர் கம்பியைக் கீழ் வலதறை நுனியில் பொருத்துவது நீண்டநாள் வழக்கம். ஆண்டுக்கணக்கில் அப்படித் துடிக்கவைத்தால் சிலருக்கு இதயம் பலவீனப்படும். இயற்கையான மின்வழியிலேயே துடிப்பைச் செலுத்த வேண்டும் என்று பாடுபட்டவர்களில் முதல்வரிசையில் நிற்பவர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கைசிங்கர் மருத்துவமனையில் பணிபுரியும் புகழேந்தி விஜயராமன்; ஹிஸ் கற்றைத் தூண்டலை உலகமெங்கும் மருத்துவர்கள் அவரிடம் கற்றார்கள். 2017-இல் சீனாவின் வென்ஜோ நகரத்து ஹுவாங் வெய்ஜியான் குழு, கம்பியை இடைச்சுவருக்குள் ஆழமாகத் திருகி இடது கற்றையைப் பிடிக்கும் முறையை அறிவித்தது. அந்த முறையை எடுத்து வளர்த்தவர்களில் ஒருவர் மதுரை வேலம்மாள் மருத்துவக் கல்லூரியின் சண்முக சுந்தரம் பொன்னுசாமி. கம்பியைத் திருகும்போது கிளம்பும் மிகைத்துடிப்பின் வடிவத்தைப் பார்த்தே இடது கற்றை பிடிபட்டதை அறியலாம் என்று, விஜயராமனோடு சேர்ந்து அவர் எழுதியவை பன்னாட்டு இதழ்களில் வந்தன. உலக மாநாடுகளில் விவாதிக்கப்பட்டன.

இதில் தர்மபுரிக்கு என்ன பாடம்? கம்பி திருகும்போது மிகைத்துடிப்பு கிளம்புவதை உலகெங்கும் எத்தனையோ பேர் திரையில் பார்த்திருப்பார்கள். அதை நிதானமாகக் கவனித்து, வகைப்படுத்தி, எழுதியவர்கள் சிலர்தான். கவனிக்கும் பழக்கமும் பதிவுசெய்யும் பழக்கமும் கட்டடத்தைப் பொறுத்தவை அல்ல. இதற்கும் முன்னரே, 2001-இல், கோழிக்கோட்டு ஜான்சன் ஃபிரான்சிஸ் தொடங்கிய இந்திய பேசிங் மற்றும் மின்னியல் இதழ், யாரும் காசில்லாமல் படிக்கும்படி இணையத்தில் வெளிவந்தது. பென்னாகரத்தில் இரவுப்பணியில் இருக்கும் இளம் மருத்துவர் கைப்பேசியில் அதைத் திறந்து படிக்க ஒரு தடையும் இல்லை. ஒடுவன் தழை நஞ்சில் ஈசிஜி நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்று தர்மபுரி மருத்துவக் கல்லூரி முறையாகத் தொகுத்தால், அந்தப் பொருளில் உலகம் இங்கேதான் வந்து கற்க வேண்டியிருக்கும்.

7. மாவட்டப் பயிற்சிக்கான வரைவு

மாரடைப்புக்குத் தமிழகம் ஒரு வழியைக் கண்டுவிட்டது. சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் அஜித் முல்லசாரியும் கோவையின் தாமஸ் அலெக்சாண்டரும் முன்னெடுத்த தமிழ்நாடு ஸ்டெமி திட்டம், சிறிய மருத்துவமனைகளை ஆரக்கால்களாகவும் கேத் லேப் உள்ள மருத்துவமனையை மையமாகவும் கட்டி, ஈசிஜியை உடனுக்குடன் மையத்துக்கு அனுப்பும் முறையைச் செய்துகாட்டியது. அதன் முடிவுகள் 2017-இல் வெளிவந்தன. 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டம், மாரடைப்பின் முதல்வேளை மாத்திரைகளைத் துணை சுகாதார நிலையம் வரை கொண்டுசேர்த்தது. துடிப்புச் சீர்கேட்டுக்கு அதே சாலையில் இன்னொரு வண்டியை விட்டால் போதும்.

நான் முன்வைப்பது மூன்று அடுக்கு. கீழடுக்கில், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் 108 ஆம்புலன்சிலும் இருப்பவர்களுக்கு லீட்களைச் சரியான இடத்தில் ஒட்டவும், படபடப்பின்போதே பதிவெடுக்கவும், சிரிஞ்சு ஊதும் முறையைச் செய்யவும் பயிற்சி. லீட் ஓரங்குலம் மேலே போனால் அலை மாறிவிடும் என்பதை நேரில் காட்ட வேண்டும். நடு அடுக்கில், அரூர், பாலக்கோடு, பென்னாகரம் மருத்துவர்களுக்கும் மருத்துவக் கல்லூரியின் எம்.டி. மாணவர்களுக்கும் தற்காலிகக் கம்பி, அடினோசின், மின்அதிர்ச்சி மூன்றிலும் கைப்பழக்கம். மாதம் ஒருமுறை அந்த மாதத்து ஈசிஜிகளை ஒரு மின்னியலரோடு திரையில் உட்கார்ந்து படித்தல்.

மேலடுக்குதான் இதுவரை யாரும் அதிகம் பேசாதது. சென்னையிலோ வேலூரிலோ மின்னியல் மேற்பயிற்சியில் இருப்பவர் குறைந்தது ஒரு மாதம் தர்மபுரி போன்ற மாவட்டத்தில் வந்து இருக்க வேண்டும். அது பாடத்திட்டத்தின் கட்டாயப் பகுதியாக வேண்டும். காலையில் பேஸ்மேக்கர் பரிசோதனை முகாம் நடத்தட்டும். கருவி பொருத்திக்கொண்டவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை பேட்டரி பார்க்கவே பெங்களூருவுக்கும் சேலத்துக்கும் ஒருநாள் கூலியை இழந்து போகிறார்கள். ஒரு பெட்டிக்குள் அடங்கும் புரோகிராமரை இங்கே கொண்டுவருவது எளிது. மாலையில் அவசரப் பிரிவில் நின்று, படபடப்பு நழுவுவதையும் நஞ்சுண்டவரின் துடிப்பு இறங்குவதையும் பார்க்கட்டும். ஆய்வகத்தில் அவர் சந்திப்பது ஏற்கெனவே பெயர் சூட்டப்பட்ட நோய். பெயர் இல்லாமல், பயத்தோடு, வியர்த்துப்போய் வரும் நோயை அவர் இங்கேதான் பார்ப்பார்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், ஆனால் எல்லாம் இதில்தான் முடியும். படபடப்பின்போது எடுத்த ஈசிஜியை நோயாளி கையில் கொடுக்க வேண்டும். அது வெப்பத்தாள், சட்டைப்பையில் வைத்தால் சில மாதத்தில் கோடுகள் மங்கிவிடும். பத்திரப்படுத்துவதாக நினைத்து லேமினேட் செய்தால் சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துவிடும். ஆகவே செவிலியர் அதை உடனே ஜெராக்ஸ் எடுத்து, கைப்பேசியிலும் படம் பிடித்து, தேதியும் நேரமும் 'படபடப்பு இருந்தபோது' என்ற இரண்டு சொற்களும் பேனாவால் எழுதி, 'இதை ரேஷன் கார்டோட வச்சுக்கோங்கம்மா, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல்ல இதைக் காட்டுங்க' என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். சித்தேரிப் பெண் அடுத்தமுறை பெங்களூருவில் மின்னியலர் முன் உட்காரும்போது, ஸ்கேன் எதுவும் எடுக்கும் முன்னரே அவர் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்து வி1 லீடைப் பார்ப்பார்.